வீட்டில் நேர், மைதானத்தில் இடது: லாஞ்ச் மானிட்டரை இலக்குக் கோட்டில் நிறுத்துவது எப்படி?

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | வெள்ளி, இரவு 10:12

வீட்டில் நேராகப் போகிற கோல்ஃப் பந்து, மைதானத்தில் இடது பக்க மரங்களுக்குள் போகிறது. மூன்று மாதமாக இதே கதை. வீட்டில் செட்டப் வைத்திருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

இடம் பெங்களூர், ராமமூர்த்தி நகர். மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை, நீளம் 20 அடி, அகலம் 12 அடி. ஒரு கோடியில் ஜி.ஐ. பைப் சட்டத்தில் பந்து போய் மோதுகிற ஸ்கிரீன், 3 மீட்டர் அகலம். அதிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் பந்து. பந்துக்குப் பின்னால் 7 அடியில் குட்டி முக்காலி, அதன் மேல் ரேடார் பெட்டி, அதாவது பந்து கிளம்பும் திசையையும் போகும் தூரத்தையும் சொல்கிற லாஞ்ச் மானிட்டர். நான் வலக்கை.

பெட்டி வாங்கிய புதிதில் 7-ஆம் நம்பர் அயர்னில் எந்தப் பந்தை அடித்தாலும் வலது, வலது என்றே காட்டியது. 150 யார்டுக்கு சராசரி 9 யார்டு வலது. மட்டை முகம் திறந்து (வலப்பக்கம் பார்த்தபடி) வருகிறது போல என்று நினைத்து, யூடியூபில் நாலு பேர் சொன்னதைக் கேட்டுப் பிடியை மாற்றினேன். தினமும் நாற்பது ஐம்பது பந்து. இப்போது பெட்டியில் எல்லாம் நடுக்கோட்டில் விழுகிறது. ஆனால் போன ஞாயிறு ஒன்பது குழி ஆடியதில் ஆறு முறை இடது பக்கக் காடு. கூட வந்த கேடி (மட்டைப் பை தூக்கி வருபவர்), "எய்ம் பக்காவா இருக்கு சார், பால்தான் வேற பக்கம் போகுது" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிறு_கோல்ஃபர் | வெள்ளி, இரவு 10:40

மேட் என்கிற விரிப்பின் மேல் அடிப்பதும் புல்லில் அடிப்பதும் ஒன்றாகுமா? மேட்டில் கொஞ்சம் பின்னால் தட்டினாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். புல்லில் மண்ணைத்தான் எடுக்கும். பெட்டியைக் குறை சொல்லாமல் ஒரு கோச்சிடம் நாலு கிளாஸ் போங்கள் தம்பி.

கணக்குப்புலி | வெள்ளி, இரவு 11:05

அண்ணே, மேட் விஷயம் சரி. ஆனால் மேட் ஏமாற்றினால் தூரத்தில்தான் அதிகம் தெரியும். இவருக்கு தினமும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகல். தப்பு ஆளிடம் இருந்தால் ஒரு நாள் 3, ஒரு நாள் 15 என்று ஆடும். தினமும் 9 என்று உட்கார்ந்திருக்கிறது என்றால், நகராமல் இருக்கிற ஏதோ ஒன்றில்தான் கோணல்.

150 யார்டில் ஒரு டிகிரி என்பது 2.6 யார்டு. அப்படியானால் 9 யார்டு என்பது மூன்றரை டிகிரிக்குக் கிட்ட வருகிறது. ஏழடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குட்டி முக்காலியில் மூன்றரை டிகிரி திரும்பியிருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல் எது, கீழ் எது என்பது தானாகவே தெரியும். உள்ளே இருக்கிற சென்சார் புவியீர்ப்பை உணர்ந்து சாய்வைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் 'இலக்கு எந்தப் பக்கம்' என்று புவியீர்ப்பு சொல்லாது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பி வைத்தீர்களோ அதுதான் அதற்கு நேர். சில மாடல்களில் கேமரா படத்தில் குறியைத் தொட்டுக் காட்டினால் அது கணக்கில் திருத்திக்கொள்ளும். அங்கேயும் தொடுவது உங்கள் விரல்தான்.

நீங்கள் பெட்டியை எதை வைத்து நேராக நிறுத்தினீர்கள்?

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | வெள்ளி, இரவு 11:20

பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஸ்கிரீன் சட்டத்துக்கு இணையாக இருக்கிறதா என்று ஒரு குத்துமதிப்பாக.

நூல்மட்டம் | சனி, காலை 6:50

குத்துமதிப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சைட் இன்ஜினியர். இருபது வருடமாக மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கோல்ஃப் நான்கு வருடமாகத்தான். என் வீட்டுச் செட்டப்பை நிறுத்த நான் பயன்படுத்தியது ஒரு நூல்கண்டு, ஒரு தூக்குக்குண்டு, ஒரு அளவு டேப். சிக்பேட்டை சந்துகளில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

முதலில் ஸ்கிரீன் சட்டத்தை நம்பாதீர்கள். சுவரையும் நம்பாதீர்கள். டைல்ஸ் கோட்டை அறவே நம்பாதீர்கள், டைல்ஸ்காரர் வாசலிலிருந்து ஆரம்பித்து மூலையில் எப்படியோ முடித்திருப்பார். நம்ப வேண்டியது இரண்டு புள்ளிகளை மட்டும். ஒன்று, ஸ்கிரீனில் நீங்கள் குறி வைக்கிற புள்ளி. இரண்டு, பந்து இருக்கிற புள்ளி. இந்த இரண்டையும் சேர்த்தால் வருவதுதான் இலக்குக் கோடு. மீதியெல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஸ்கிரீனில் குறியின் மேல் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு ஆடி நிற்கும் வரை காத்திருந்து, அதன் முனை தரையைக் காட்டுகிற இடத்தில் ஒரு புள்ளி. அங்கே ஒருவர் நூலைப் பிடிக்கட்டும். நூல் பந்துப் புள்ளி மேல் சரியாகப் போகும்படி பின்சுவர் வரை இழுங்கள். நூலில் கலர்பொடி தேய்த்திருந்தால் நடுவில் தூக்கி விட்டு ஒரு அடி, தரையில் கோடு விழும். மேட் உயரம் இடிக்கும், அதனால் மேட்டை எடுத்துவிட்டுக் கோடு போட்டுவிட்டு, பிறகு மேட்டின் மேல் தனியாக ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது பெட்டி. முக்காலியின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், கோட்டின் மேல் விழ வேண்டும். பெட்டியின் இடம் சரியானது. அடுத்தது திருப்பம். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பெட்டியின் முகம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் ஒரு டிகிரி என்பது ஓரிரு மில்லிமீட்டர், மூலைமட்டம் வைத்தாலும் பிடிபடாது. அதனால் முகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். 60 செ.மீ. நீளத்தில் நேரான அலுமினியப் பட்டை ஒன்றை வாங்கி, நடுவில் கோடு போட்டு, அந்த நடுக்கோடு பெட்டியின் நடுவுக்கு வரும்படி முகத்தில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். ஸ்கிரீன் அடியில் தரையில் போட்ட புள்ளியிலிருந்து பட்டையின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப்பில் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட்டி நேர். ஒரு செ.மீ. வித்தியாசம் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி கோணல். அரை செ.மீ. என்றால் அரை டிகிரி. இவ்வளவு சுலபமான கணக்கு எந்த சைட்டிலும் கிடைக்காது.

டேப்பைத் தொய்வில்லாமல் இழுக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். என் வீட்டில் அந்த ஆள் "இதுக்கு அந்தக் காசுல ஒரு ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பிடித்தார்.

ஞாயிறு_கோல்ஃபர் | சனி, காலை 8:15

ஒரு டிகிரிக்கா இவ்வளவு பாடு? கன்னடத்தில் சொல்கிற மாதிரி 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று விட்டுவிட்டு ஆடலாம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெல்லியது, சென்னையில் அடிப்பதைவிட பந்து நன்றாகவே தள்ளிப் போய் விழுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்குப்புலி | சனி, காலை 8:40

உயரம் தூரத்தை மாற்றும் அண்ணே, திசையை மாற்றாது. செட்டிங்ஸில் உயரத்தை ஒரு முறை போட்டால் முடிந்தது. திசைக்கு அப்படி ஒரு தடவை போடுகிற எண் கிடையாது, பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு டிகிரியை விடலாம், ஒத்துக்கொள்கிறேன். மூன்று டிகிரிக்கு ஏற்ற மாதிரி ஸ்விங்கை மாற்றிக்கொண்ட மனிதரிடம் அட்ஜஸ்ட் செய்யச் சொல்ல முடியாது.

பக்கவாட்டு_கேமரா | சனி, காலை 11:30

என்னுடையது பின்னால் வைப்பது இல்லை, பந்துக்குப் பக்கத்தில் தரையில் வைக்கிற கேமரா வகை. நூல்மட்டம் சார் சொன்ன பட்டை இதற்கும் பொருந்துகிறது, ஆனால் தலைகீழாக. பின்னால் வைப்பதில் முகம் கோட்டுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். எனக்கு முகம் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். பட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் நூலுக்கு நேர் குறுக்காக அளந்தால் போதும். இங்கேயும் அதே கணக்கு, 60-க்கு ஒன்று.

கூடவே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நான் பெட்டியைத் தரையில் வைத்திருந்தேன், பந்தோ மேட்டின் மேல் நாலு செ.மீ. உயரத்தில். ஒரு பிளைவுட் துண்டைக் கொடுத்துச் சமமாக்கிய பிறகுதான் எண்கள் ஒழுங்காயின. பக்கவாட்டுக் கேமரா பந்து போகிற திசையில் சாய்ந்தால் பந்து எழும் கோணம் கெடும். பந்தை நோக்கிக் குனிந்தாலோ நிமிர்ந்தாலோ சுழல் அச்சு கெடும், நேரான பந்தை ஸ்லைஸ், அதாவது பக்கவாட்டில் வளைந்து போகிற பந்து, என்று சொல்லும். பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே திரும்பினால் திசை மட்டும் கெடும். மூன்றும் மூன்று நோய், மருந்தும் வேறு வேறு.

புதுசா_வந்தவன் | சனி, மதியம் 1:05

போனில் காம்பஸ் ஆப் இருக்கிறதே, ஸ்கிரீனுக்கு ஒரு ரீடிங், பெட்டிக்கு ஒரு ரீடிங் எடுத்தால் ஆகாதா?

நூல்மட்டம் | சனி, மதியம் 1:20

ஆகாது தம்பி. உங்கள் காலடியில் கான்கிரீட்டுக்குள் கம்பி வலை, தலைக்கு மேல் இரும்புக் கூரைச் சட்டம், முன்னால் ஜி.ஐ. பைப். ஓரடி தள்ளிப் பிடித்தால் வடக்கே இடம் மாறும்.

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | சனி, இரவு 9:45

இன்று முழுக்க இதே வேலை. மச்சினனை நூல் பிடிக்க வைத்தேன்.

முதல் அதிர்ச்சி: ஸ்கிரீன் சட்டத்தின் இடது கால் வலது காலைவிட 6 செ.மீ. முன்னால் நிற்கிறது. 3 மீட்டருக்கு 6 செ.மீ., அதாவது ஒரு டிகிரிக்கும் மேலே. நான் பெட்டியை அதற்கு இணையாக வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இரண்டாவது அதிர்ச்சி பட்டை. வலது முனைக்கும் இடது முனைக்கும் 3.4 செ.மீ. வித்தியாசம். சட்டத்தின் கோணல் போக மீதி எங்கிருந்து வந்தது என்று குழம்பி, பெட்டியை ஆன் செய்யக் கையை வைத்தபோதுதான் பிடிபட்டது. பட்டனை அழுத்தும்போது முக்காலியின் தலை லேசாகத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாது, பட்டையின் முனையில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. தினமும் ஒரு அழுத்து. எப்போதும் கட்டைவிரலால், எப்போதும் ஒரே பக்கம்.

நாளை காலை நேராக நிறுத்திவிடுகிறேன்.

கணக்குப்புலி | சனி, இரவு 10:10

நிறுத்தாதீர்கள்! இன்னும் தொடவே தொடாதீர்கள். கோணலாக இருக்கும்போதே ஒரு பரீட்சை வையுங்கள், இல்லாவிட்டால் நூல் சொன்னது உண்மையா என்று எப்படித் தெரியும்? பெட்டிக்குள் இருக்கிற ஆன்டெனா அந்தப் பிளாஸ்டிக் முகத்துக்கு நூறு சதவீதம் நேராக உட்கார்ந்திருக்கிறது என்பதும் நம்பிக்கைதான். பந்தையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

ஸ்கிரீனுக்கு ஒரு சாண் முன்னால் பழைய செய்தித்தாளைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், மூன்று நான்கு தாளை ஒட்டிப் பெரிதாக. இலக்குக் கோடு விழுகிற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு ஸ்கெட்ச் பேனாக் கோடு. முக்கால் ஸ்விங்கில் பத்துப் பந்து. ஒவ்வொன்றும் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டைக்குப் பக்கத்தில் எண் எழுதுங்கள், பெட்டி அந்தப் பந்துக்குச் சொன்ன கிளம்பும் திசையையும் எழுதுங்கள். கோட்டிலிருந்து ஓட்டையின் நடு எத்தனை செ.மீ. என்று அளந்து, பந்திலிருந்து தாள் வரையிலான தூரத்தால் வகுத்து, 57.3-ஆல் பெருக்கினால் டிகிரி. பந்து எவ்வளவு உயரமாக எழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, பக்கவாட்டு விலகலை மட்டும்தானே அளக்கிறோம். மூன்று மீட்டருக்குள் வளைவதற்கும் நேரமில்லை.

யார்டுக் கணக்கில் எங்கே விழுந்தது என்பதைப் பார்க்காதீர்கள், அதில் சுழலும் சேர்ந்துவிடும். கிளம்பும் திசை மட்டும். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள், ரேடாருக்குச் சுற்றுகிற எதுவும் ஆகாது.

இடக்கை_அப்பா | ஞாயிறு, காலை 7:30

நடுவில் என் பிரச்சினையும் ஒன்று. நான் வலக்கை, மகள் இடக்கை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம ஊர் அதிதி அசோக் நாலாம் இடம் வந்ததைப் பார்த்துவிட்டு மட்டையை எடுத்தவள், இன்னும் விடவில்லை. எங்கள் அறை ஒடுக்கம், அதனால் எனக்கு ஒரு பந்து இடம், அவளுக்கு ஒரு இடம். இரண்டும் நடுவிலிருந்து ஆளுக்கு 30 செ.மீ. தள்ளி. பெட்டியைச் சுவருக்கு நேராகப் பிசகில்லாமல் வைத்திருக்கிறேன், நூல் போட்டே வைத்தேன். இருந்தும் எனக்கு எப்போதும் ஒரு பக்கம், அவளுக்கு எப்போதும் எதிர்ப் பக்கம். இது என்ன மாயம்?

கணக்குப்புலி | ஞாயிறு, காலை 8:05

மாயமில்லை சார். ஸ்கிரீனில் விழுகிற மைதானப் படத்தில், குழியைக் காட்டும் கொடி நடுவில் தெரிகிறது. நீங்கள் இருவரும் அதைப் பார்த்து அடிக்கிறீர்கள். பெட்டிக்கோ சுவருக்கு இணையான திசைதான் நேர். 30 செ.மீ. தள்ளி நின்று மூன்று மீட்டரில் இருக்கிற நடுவைக் குறிவைத்தால் 5.7 டிகிரி குறுக்கே அடிக்கிறீர்கள். பெட்டி பொய் சொல்லவில்லை, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. இரண்டும் பார்க்கிற நேர் வேறு வேறு.

நூல்மட்டம் | ஞாயிறு, காலை 8:30

அதனால்தான் சுவரை நம்பாதீர்கள் என்றேன். வழி மூன்று இருக்கிறது. மென்பொருளில் படத்தை இடம்வலமாக நகர்த்தும் வசதி இருந்தால், யார் அடிக்கிறார்களோ அவர்கள் பந்துக்கு நேர் எதிரே கொடி வரும்படி நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு பந்துப் புள்ளிகளிலிருந்தும் ஸ்கிரீன் நடுவுக்குச் சாய்வாக ஆளுக்கொரு கோடு போட்டு, ஆள் மாறும்போது பெட்டியையும் மேட்டையும் திருப்புங்கள். மூன்றாவது, நான் செய்வது: கொடியை மறந்துவிட்டு, பந்துக்கு நேர் எதிரே ஸ்கிரீனில் ஒட்டிய ஒரு துண்டு டேப்பைப் பார்த்து அடிப்பேன். ஆள் மாறினால் பெட்டி இணையாகத் தள்ளிப் போகும், திரும்பாது.

மூன்றாவதில் ஆட்டத்தின் சுவை கொஞ்சம் குறையும். பயிற்சிக்கு அதுவே சுத்தம்.

பக்கவாட்டு_கேமரா | ஞாயிறு, காலை 9:10

இரண்டாவது வழி தினசரி சண்டைக்கு வழி. அனுபவம்.

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | ஞாயிறு, மதியம் 12:50

பரீட்சை முடிந்தது. பந்திலிருந்து தாள் வரை அளந்தால் 290 செ.மீ.

பத்துப் பந்துக்குப் பெட்டி சொன்ன சராசரி: 0.1 டிகிரி வலது. அதாவது நேர். தாளைப் போய்ப் பார்த்தேன். கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு ஓட்டைகூட இல்லை. பத்தும் இடது. சராசரி 16 செ.மீ. வகுத்துப் பெருக்கினால் 3.2 டிகிரி இடது. பெட்டிக்கும் தாளுக்கும் வித்தியாசம் 3.3. நேற்று பட்டை காட்டியதும் ஏறக்குறைய அதுதான்.

அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று மாதம், தினமும் நாற்பது பந்து, இடது பக்கம் அடிக்க நான் எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறேன் பாருங்கள், ஓட்டைகள் எல்லாம் ஒரு தோசைக்கல் அகலத்துக்குள்.

பிறகு பெட்டியைத் திருப்பினேன். பட்டையின் இரு முனைக்கும் வித்தியாசம் 2 மி.மீ. வரும் வரை. புதுத் தாள் மாட்டி இன்னொரு பத்து: பெட்டி 3.0 இடது, தாள் 3.1 இடது. முதல்முறையாக இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

ஞாயிறு_கோல்ஃபர் | ஞாயிறு, மதியம் 1:15

சரி தம்பி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கோச்சிடம் போகச் சொன்னது இப்போதும் செல்லும். பழைய பிடிக்குத் திரும்ப வேண்டுமே.

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | ஞாயிறு, மதியம் 1:30

உண்மைதான். ஒரு ஆறுதல், மட்டையின் முகத்துக்கும் அது வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெட்டி முதலிலிருந்தே சரியாகத்தான் காட்டியிருக்கிறது. கோணலில் இரண்டும் ஒரே அளவு சேர்ந்து திரும்பிவிடுவதால் கழித்தால் அதே விடை. பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன், வாங்கிய வாரத்தில் அந்த எண் எனக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். அதையாவது பார்த்திருக்கலாம், நான் 9 யார்டையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

புதுசா_வந்தவன் | ஞாயிறு, மாலை 4:20

ஒவ்வொரு தடவையும் நூல் போட வேண்டுமா? என்னுடையது அபார்ட்மென்ட் பால்கனி, ஆடி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைக்க வேண்டும்.

நூல்மட்டம் | ஞாயிறு, மாலை 4:45

ஒரு முறை போட்டு இடத்தைப் பூட்டிவிடுங்கள். தரையில் டேப்பால் முக்காலிக் கால் அடையாளம் வைப்பது பாதி வேலை, கால் சரியாக நின்றாலும் தலை திரும்பும். அதைவிட ஒரு பிளைவுட் பலகையில் பெட்டி உட்காரும் அளவுக்குக் கட்டைகளை அடித்து, பலகையின் விளிம்பைத் தரைக்கோட்டுக்குப் பொருத்திவிடுங்கள். பட்டனை அழுத்தும்போது மறு கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது முதலில் ஆன் செய்துவிட்டுப் பிறகு வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை செய்தித்தாள், ஐந்து பந்து போதும்.

மொட்டைமாடி_ஏழாம்நம்பர் | ஞாயிறு, மாலை 5:10

பலகை செய்தாயிற்று. மாடியைப் பெருக்க வருகிற அக்காவிடம் "இதை மட்டும் நகர்த்தாதீங்க" என்று சொன்னேன். "கோடு போட்டு வச்சிருக்கீங்களே, திரும்ப அதே இடத்துல வச்சுடறேன்" என்றார்.

ஸ்கிரீன் சட்டத்தின் அந்த 6 செ.மீ.-ஐ அப்படியே விட்டுவிட்டேன். போல்ட் துருப்பிடித்துவிட்டது, குறிப்புள்ளி மாறாத வரை அது எப்படி நின்றாலும் எனக்கென்ன. அடுத்த ஞாயிறு மைதானம். தூக்குக்குண்டு பக்கத்துத் தெரு மேஸ்திரியுடையது, நாளைக் காலை ஏழு மணிக்குள் அவர் சைட்டுக்குக் கிளம்புவதற்கு முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.